அவசரம் முதல் ராஜினாமா வரை: கேள்வி பதில்

கேள்வி: தெலுங்கு நண்பர் 'அவசரம் லேது' என்றார். மெதுவாகச் செய்யலாம் என்று எடுத்துக்கொண்டேன். சரியா?

இல்லை. 'தேவையில்லை' என்று சொல்லியிருக்கிறார். சமஸ்கிருத 'அவசர' என்றால் தருணம், ஏற்ற நேரம். இந்தி 'அவ்சர்' வாய்ப்பைக் குறிக்கும். மலையாளத்திலும் அப்படியே, 'தொழிலவசரம்' என்றால் வேலைவாய்ப்பு. தமிழிலும் கன்னடத்திலும் அது விரைவாகிவிட்டது. தருணம் நழுவுமே என்ற பதற்றம் பொருளில் ஏறியது என்பதே இயல்பான விளக்கம். எழுத்து ஒன்றாக இருக்கிறதே என்று பொருளையும் ஒன்றாக எண்ணாதீர்கள்.

கேள்வி: சம்சாரம்?

தமிழில் மனைவி, தெலுங்கில் குடும்பம், மலையாளத்தில் பேச்சு. மூலப்பொருள் பிறவிச் சுழல். அவசரத்துக்கும் இதற்கும் வேர் ஒன்றே: 'ஸ்ரு', நகர்தல்.

கேள்வி: ஆங்கில 'கேஷ்' நம் 'காசு'தானே?

ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' உண்டு. ரொக்கம் என்ற பொருளில் வருவது இலத்தீன் 'கப்ஸா'வின் வழி வந்தது. அதற்குப் பெட்டி என்று பொருள். முதலில் பணப்பெட்டி, பிறகு அதிலுள்ள பணம். மற்றது சில்லறை நாணயத்தின் பெயர். அதுதான் நம் காசு, போர்த்துகீசிய 'கைஷா' வழியாகப் போனது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கில் 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். சீனத்துச் சதுரத்துளை நாணயத்துக்கும் ஆங்கிலேயர் அந்தப் பெயரையே வைத்தார்கள்.

கேள்வி: ஒலியும் ஒன்று, பொருளும் பணம். பிறகு எப்படி இரண்டு?

ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பாபரத்தில் நாய்க்குப் பெயர் 'டாக்'! ஆங்கிலத்திலிருந்து வந்ததல்ல, 'குடக' என்ற பழைய வடிவம் தேய்ந்து அப்படி ஆனது. ஒலி ஒப்புமை சான்றாகாது. மிகப் பழைய வழக்கைத் தேடுங்கள். அப்போதைய வடிவம் என்ன, பொருள் என்ன, யார் வழியாக வந்தது என்று பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் அரிசிதானே 'ரைஸ்'?

மறுபடியும் ஒலி! ஆங்கிலம் அதைப் பிரெஞ்சு, இத்தாலியம், இலத்தீன் வழியே கிரேக்க 'ஒரூஸா'விலிருந்து பெற்றது. அரிசியை ஒப்பிட வேண்டியது ஒரூஸாவோடு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

கேள்வி: காசு, கேஷ் ஒன்றா?

மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன், படியுங்கள்.

கேள்வி: 'ச'வில் குழந்தைக்கு நல்ல பெயர்?

என் துறையல்ல.

கேள்வி: ராஜினாமா எந்த மொழி?

பாரசீகம். ராஸி என்றால் இசைவு, நாமா என்றால் பத்திரம். தமிழிலும் மராத்தியிலும் பதவி விலகல். இந்தியில் சமரசப் பத்திரம். இந்தி நீதிமன்ற ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் இதைக் கவனிக்காவிட்டால், வழக்கைச் சமாதானமாக முடித்தவர் வேலையை விட்டவராகிவிடுவார்.