எச்.ஐ.வி. பரிசோதனை: நாள் கணக்குதான் முதலில்

கேள்வி: நேற்று இரவு உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டது. உடனே எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?

பதில்: இப்போது பரிசோதனையைவிட மருந்துதான் அவசரம். 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் எச்.ஐ.வி. உடலில் நிலைகொள்ளாமல் தடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். தாமதம் பலனைக் குறைக்கும், அதனால் இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே இரத்தமும் எடுப்பார்கள். அது ஏற்கெனவே தொற்று இருந்ததா என்று அறியத்தான்.

கேள்வி: பாதுகாப்பில்லாத உறவு நடந்து இரண்டு வாரம் ஆகிறது. பரிசோதனையில் 'நெகட்டிவ்'. கவலையை விட்டுவிடலாமா?

பதில்: இன்னும் இல்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதிப் பதற்றமும் பாதிப் பொய் நிம்மதியும் இந்த நாள் கணக்கு தெரியாததால்தான் வருகின்றன. கிருமி நுழைந்ததும் எந்தச் சோதனையிலும் அது அகப்படாது. அந்த இடைவெளியைச் 'சாளரக் காலம்' என்கிறோம். வைரஸின் மரபணுவையே தேடும் சோதனை 10 முதல் 33 நாட்களில் கண்டுபிடிக்கும். கையில் ஊசி போட்டு இரத்தம் எடுத்து, பி24 என்ற வைரஸ் புரதத்தையும் அதை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் ஒருசேரத் தேடும் ஆய்வகச் சோதனைக்கு 18 முதல் 45 நாட்கள். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் சோதனைகளுக்கு 23 முதல் 90 நாட்கள். விரல் நுனி இரத்தத்திலும் வாய்த் திரவத்திலும் செய்யும் விரைவுச் சோதனைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். நீங்கள் எதைச் செய்துகொண்டீர்கள் என்று ஆய்வகத்தில் கேளுங்கள். அதற்குரிய கடைசி நாள் கடந்தபின் மறுபடி செய்யுங்கள். இடையில் புதிய ஆபத்து நேராமலிருந்தால் அந்த 'நெகட்டிவ்' முடிவை நம்பலாம். அதுவரை ஆணுறை அவசியம். தடுப்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்கள் மருத்துவர் சொல்லும் தேதியில்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: யாருக்கும் தெரியாமல் வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். சுயபரிசோதனைக் கருவிகளை உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் பரிந்துரைக்கிறது. ஆனால் இரண்டு கோடு தெரிந்தால் அதை நோய் உறுதியானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவமனையில் வேறு சோதனைகளால் உறுதிசெய்த பிறகே முடிவு. ஏற்கெனவே எச்.ஐ.வி. கூட்டு மருந்து சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கருவி பொருந்தாது, தவறாக 'நெகட்டிவ்' காட்டலாம். தனியாகச் செய்யும்போது மனம் தாங்காது என்று தோன்றினால் தயவுசெய்து எச்.ஐ.வி. பரிசோதனை மையத்துக்கே செல்லுங்கள். அங்கே ஆலோசகர் உடனிருப்பார், விவரத்தை இரகசியமாக வைப்பது அவருடைய கடமை.

கேள்வி: இரத்ததானம் செய்தால் இலவசமாகச் சோதித்துவிடுவார்களே?

பதில்: இதற்காக ஒருபோதும் இரத்தம் கொடுக்காதீர்கள். சாளரக் காலத்தில் கொடுத்த இரத்தம் சோதனையில் தப்பி, ஒரு நோயாளியின் உடலுக்குப் போய்ச் சேரலாம்.

கேள்வி: கர்ப்பகாலப் பரிசோதனையில் மனைவிக்கு 'நெகட்டிவ்'. எனக்கும் அப்படித்தானே?

பதில்: இல்லை. ஒவ்வோர் உறவிலும் தொற்று பரவிவிடுவதில்லை. உங்களுடைய முடிவு உங்களுடைய இரத்தத்தில்தான் தெரியும். கர்ப்பத்தின்போது புதிதாகத் தொற்றினால் குழந்தைக்கும் பரவும் ஆபத்து அதிகம் என்பதால், இந்த வாரமே செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் சகோதரிக்கு எச்.ஐ.வி. உண்டு. ஆறு மாதக் குழந்தைக்கு விரைவுச் சோதனையில் 'பாசிட்டிவ்' வந்திருக்கிறது.

பதில்: அது தாயின் எதிர்ப்பொருளாக இருக்கலாம். 18 மாதம் வரைகூட அது குழந்தையின் இரத்தத்தில் தங்கும். வைரஸையே தேடும் பி.சி.ஆர். சோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். அதுவரை குழந்தைக்குக் கொடுத்துவரும் மருந்தை நிறுத்த வேண்டாம்.