மீனுக்கு ரெட்டினா திரும்ப வளருது, நமக்கு ஏன் வளரல?

அம்மாவுக்கு சுகர்ல ரெட்டினா, அதாவது கண்ணுக்குள்ள பின்னால வெளிச்சத்த உணர்ற படலம், கெட்டுப்போச்சு, வரிக்குதிரை மீனுக்கு மட்டும் எப்படி திரும்ப வளருதுன்னு கேட்டிருக்கீங்க தம்பி. நானும் யாங்கோன்தான், எங்கப்பாவுக்கும் இதே பிரச்சினை வந்ததால தேடித்தேடி படிச்சேன்.

ரெட்டினாவ தாங்குற முல்லர் கிளியா செல் மீனுக்கும் இருக்கு நமக்கும் இருக்கு. மீன்ல அடிபட்டு சாகுற செல்லு டிஎன்எஃப் ஆல்ஃபாங்கற ரசாயனத்த விடும், அது பட்டதும் முல்லர் செல் அடங்கி இருக்கச் சொல்ற நாட்ச் சிக்னல குறைச்சு, நரம்பு செல் உருவாக்க வைக்கிற ஏஎஸ்சிஎல்1 ஜீன ஆன் பண்ணி, கருவுல கண்ணு உருவாகும்போது நடந்த மாதிரியே பிரிஞ்சு புது நரம்பு செல்ல குடுத்துரும். நமக்கு இது நடக்காம பெரும்பாலும் தழும்புதான் மிச்சம். 2017ல வளர்ந்த எலிக்கு இந்த ஜீனோட ஒரு மருந்தும் குடுத்து கொஞ்சம் நரம்பு செல் வரவச்சாங்க, பெரிய விஷயம்.

ஆனா அம்மாவுக்கு விஇஜிஎஃப்ங்கற, ரத்தக்குழாய வளர வைக்கிற புரதம் ஏறி ரத்தக்குழாய் கசியுதான்னு கண் டாக்டர்ட்ட இப்பவே காட்டுங்க, அத அடக்குற ஊசி இருக்கு.