17 வெற்றி, 16 நாக்அவுட்: சாம்பியனை வெல்ல இது போதுமா?

கேள்வி: நான் தொடர்ந்து பார்த்துவரும் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் இதுவரை 17 சண்டைகளில் தோற்றதே இல்லை. 16 பேரை நாக்அவுட் செய்திருக்கிறார். ஆறரை அடி உயரம். ஒரு அமைப்பின் தரவரிசையில் முதலிடம். உக்ரைனின் ஹெவிவெயிட் சாம்பியன் உசிக் போன்ற ஒருவரையே வீழ்த்திவிடுவார் என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ஆன்லைனில் ஒருவர் 'உள்தகவல்' இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார். நான் எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: முதலில், அந்த ஆளுக்குப் பணம் அனுப்பாதீர்கள். இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது தெரியுமா? பாதிப் பேருக்கு 'இவர் ஜெயிப்பார்' என்று செய்தி போகும், மீதிப் பேருக்கு 'அவர் ஜெயிப்பார்' என்று போகும். சண்டை முடிந்ததும் ஒரு பாதி கோபப்பட்டு விலகிவிடும். இன்னொரு பாதி அவரைத் தீர்க்கதரிசியாக நினைத்து அடுத்த முறை இரண்டு மடங்கு கொடுக்கும். இதில் உள்தகவல் எங்கே இருக்கிறது?

சரி, உங்கள் வீரருக்கு வருவோம். அவர் பெயரை எனக்கு எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பதிலுக்கு அது தேவையில்லை என்பதால் இங்கே விட்டுவிட்டேன். 17-0 என்ற எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, அந்த 17 பேரும் யார், அவர்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்று பாருங்கள். பாக்ஸ்ரெக் தளத்தில் ஒவ்வொரு எதிராளியின் கணக்கும் கிடைக்கும். அந்த ஆள் இதற்கு முன் எத்தனை முறை தோற்றார், கடைசியாக எப்போது ஜெயித்தார், எத்தனை மாதம் சண்டையே போடாமல் இருந்தார் என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

நான் பயிற்சியாளராக இருந்த காலத்தில் சண்டைகளை ஏற்பாடு செய்யும் ஒரு புரமோட்டரின் ஆள் போன் செய்தார். பத்து நாளில் ஒரு எதிராளி வேண்டுமாம். உயரம் குறைவாக இருக்க வேண்டும், இடதுகைக்காரன் கூடாது, சமீபத்தில் நாக்அவுட் ஆனவனாக இருந்தால் நல்லது என்றார். காய்கறி வாங்குவதுபோல் கேட்டார். நான் ஆள் தரவில்லை. வேறு யாரோ தந்தார்கள். அந்தச் சண்டை இரண்டாம் ரவுண்டிலேயே முடிந்தது, போஸ்டர்களில் இன்னொரு நாக்அவுட் ஏறியது. பல வருடம் ஆகியும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. அடி வாங்கிய பையனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்.

இப்படிச் சேர்த்த கணக்கு எவ்வளவு தாங்கும் என்பதற்கு பீட்டர் மெக்னீலி ஓர் உதாரணம். 1995-இல் மைக் டைசனுக்கு எதிரே வந்தபோது அவரிடம் 36 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. சண்டை 89 வினாடிதான் நீடித்தது. சமீபத்திய உதாரணம் அர்ஸ்லான்பெக் மக்முதோவ். 18-0, அதில் 17 நாக்அவுட், உங்கள் வீரரைப் போலவே மலைபோன்ற உடம்பு. 2023 டிசம்பரில் ஆகிட் கபாயேல் நான்காவது ரவுண்டில் அவரை முடித்தார். கபாயேல் பெரிய நாக்அவுட்காரர் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. பொறுமையாக வயிற்றில் குத்திக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான்.

தரவரிசையை நம்பாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன். டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று பட்டம் வழங்கும் நான்கு அமைப்புகள், நான்கு பட்டியல்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. டேரின் மோரிஸ் என்ற சூப்பர் மிடில்வெயிட் வீரர் 2000-இல் இறந்துவிட்டார். 2001-இல் டபிள்யூபிஓ அவரை ஏழாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு உயர்த்தியது. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடப் பார்க்காத பட்டியல் அது. எத்தனை வருடம் ஆனாலும் இந்த முறையைச் சரிசெய்ய யாருக்கும் அவசரமில்லை. பட்டப் போட்டி ஒவ்வொன்றிலும் வீரரின் சம்பளத்தில் கட்டணம் வந்துவிடுகிறதே!

அப்படியானால் எதைப் பார்ப்பது? உங்கள் வீரர் நாக்அவுட் செய்ய முடியாமல் போன அந்த ஒரு சண்டையைப் பாருங்கள். மற்ற 16-ஐயும் விட அதில்தான் விஷயம் இருக்கிறது. வர்ணனை காதில் விழாமல் ஒலியை நிறுத்திவிடுங்கள். பந்தைத் தொடர்வதுபோல் ஒவ்வொரு குத்தையும் தொடராமல், ஆறாவது ரவுண்டுக்குப் பிறகு முதலில் அவருடைய இடது கையைக் கவனியுங்கள். ஜாப், அதாவது முன்கையால் நேராகப் போடும் குத்து, போட்ட கை திரும்பி வரும்போது தாடைக்கு வருகிறதா, இடுப்புக்குப் போகிறதா? ஓங்கிப் போட்ட வலது குத்து தவறினால் கால்கள் அவருக்கு அடியிலேயே நிற்கின்றனவா, இல்லை முன்னால் சாய்ந்து எதிராளியின் தோளில் விழுகிறாரா? வாய் திறந்து மூச்சு வாங்குகிறதா? இந்த மூன்றையும் கவனித்தால் தரவரிசை சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும்.

ஏன் ஆறாவது ரவுண்டு? பட்டப் போட்டி 12 ரவுண்டு. 16 நாக்அவுட்டும் சீக்கிரம் முடிந்திருந்தால், உங்கள் வீரர் களைப்பில் சண்டை போட்டதே ஒரு முறைதான். உசிக் உயிர்பெறுவதே அங்கேதான். 2024 மே மாதம் ரியாத்தில் அவரோடு மோதிய பிரிட்டனின் டைசன் ஃபியூரி அவரைவிட ஆறு அங்குலம் உயரம். நடு ரவுண்டுகளில் ஃபியூரியின் கைதான் ஓங்கியிருந்தது. உசிக்கின் வயிற்றிலும் தாடையிலும் நல்ல அடி. ஆனால் உசிக்கின் கால் நிற்கவே இல்லை. ஒன்பதாவது ரவுண்டில் இடது கை ஒன்று சரியாக விழுந்தது. ஃபியூரி ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்கு உருண்டுபோனார், ரிங்கில் இருந்த நடுவர் எண்ண வேண்டியதாயிற்று. புள்ளி போடும் நடுவர்களில் ஒருவர் 115-112, இன்னொருவர் 114-113 என்று உசிக்குக்குத் தந்தார்கள். மூன்றாமவர் 114-113 என்று ஃபியூரிக்கு. அந்த எண்ணிக்கையால் கிடைத்த ஒரு புள்ளி இல்லையென்றால் சண்டை சமனில் முடிந்திருக்கும். அதே வருட டிசம்பரில் மறுபடி மோதியபோது மூன்று நடுவர்களும் 116-112 என்று உசிக்குக்கே கொடுத்தார்கள்.

'ஒரே குத்து போதுமே' என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். டியான்டே வைல்டர் 40 வெற்றியில் 39 நாக்அவுட்டோடு 2018-இல் ஃபியூரியைச் சந்தித்தார். ஒன்பதாவது ரவுண்டிலும் பன்னிரண்டாவது ரவுண்டிலும் வீழ்த்தினார். ஃபியூரி இரண்டு முறையும் எழுந்தார், சண்டை சமன். அடுத்த இரண்டு சண்டைகளிலும் வைல்டர்தான் நாக்அவுட்டில் தோற்றார்.

அடுத்து, மைக் டைசனை வீழ்த்திய பஸ்டர் டக்ளஸைச் சொல்வார்கள். எப்போதும் சொல்வார்கள். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. மைக் டைசன் 37-0. பந்தயத்தில் டக்ளஸ் ஜெயித்தால் ஒன்றுக்கு 42. இதை அதிர்ஷ்டக் குத்து என்று நினைக்கிறவர்கள் அந்தச் சண்டையை முழுசாகப் பார்க்கவில்லை. டக்ளஸ் முதல் ரவுண்டிலிருந்தே நீளமான ஜாபால் டைசனைத் தூரத்திலேயே நிறுத்தினார், உள்ளே வந்தால் கட்டிப்பிடித்தார். அவர் அம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாழ்நாளில் இல்லாத உறுதியோடு வந்திருந்தார். எட்டாவது ரவுண்டில் விழுந்தும் எழுந்தார். பத்தாவதில் டைசன் முழங்காலில் தவழ்ந்து பல்காப்பைத் தேடினார். மறுபக்கம், டைசனைச் செதுக்கிய பயிற்சியாளர்கள் யாரும் அப்போது அவரோடு இல்லை. வீங்கிய கண்ணுக்கு வைக்க முறையான உலோகக் கட்டிகூட மூலையில் இல்லாமல், ரப்பர் கையுறையில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி ஒற்றினார்கள். ஆக, சவால்விட்டவர் உச்சத்தில் இருந்தார், சாம்பியன் தேய்ந்துபோயிருந்தார். இரண்டும் ஒரே இரவில் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்தும், எட்டாவது ரவுண்டில் டக்ளஸ் விழுந்தபோது நடுவரின் எண்ணிக்கை நீண்டுவிட்டது என்ற புகாரை வைத்துக்கொண்டு டபிள்யூபிஏ-வும் டபிள்யூபிசி-யும் டக்ளஸை உடனே அங்கீகரிக்காமல் இழுத்தடித்தன. உலகமே கண்ணால் பார்த்த நாக்அவுட் அது! எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இறங்கி வந்தன. அக்டோபரில் உடல் எடை ஏறி வந்த டக்ளஸை அடுத்த சவாலாளர் இவாண்டர் ஹோலிஃபீல்ட் மூன்றாவது ரவுண்டில் முடித்துவிட்டார்.

எனவே உங்கள் வீரருக்கும் இந்த வழி திறந்திருக்கிறதா என்றால், சாம்பியனின் பக்கம் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. பயிற்சியாளரை மாற்றினாரா, எத்தனை மாதம் ரிங்கில் இறங்கவில்லை, எடை எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் டக்ளஸ் கதையைப் பேச வேண்டாம்.

உங்கள் வீரர் நாக்அவுட் செய்யாத அந்தப் பத்து ரவுண்டுச் சண்டையை நானும் இரண்டு முறை பார்த்தேன். ஏழாவது ரவுண்டிலிருந்து அவர் இடது கை இடுப்புக்குத்தான் திரும்புகிறது, வலது குத்து தவறும்போதெல்லாம் எதிராளி மேல் விழுகிறார். உசிக் இடதுகைக்காரர். அப்படி ஒருவரோடு உங்கள் வீரர் மோதியதே இல்லை என்று பட்டியல் சொல்கிறது. இப்போதைக்கு என் பதில், முடியாது. வயது அவர் பக்கம் இருக்கிறது. நல்ல இடதுகைக்காரர் ஒருவரோடு 12 ரவுண்டு போட்டுவிட்டு வரட்டும், அந்தச் சண்டையின் பத்தாவது ரவுண்டைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.