ஒரு கால்பந்துப் பயிற்சியாளரை ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது சாதனையாளர்களைக் கௌரவிக்கும் பட்டியலில், சேர்க்க எதைப் பார்க்க வேண்டும்? வென்ற கோப்பைகளை எண்ணினால் போதாதா?

போதாது. கோப்பைகளை மட்டும் எண்ணினால் பணக்காரக் கிளப்புகளில் வேலை பார்த்தவர்களே பட்டியலை நிரப்பிவிடுவார்கள். அணி அவர் கைக்கு வந்தபோது எந்த நிலையில் இருந்தது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அப்புறம், அந்தப் பெருமையில் வேறு யாருக்காவது பங்கு உண்டா என்று பார்ப்பேன். இந்த இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இங்கிலாந்துப் பயிற்சியாளர் பிரையன் கிளஃபை எடுத்துக்கொள்வோம்.

1975 ஜனவரியில் அவர் வந்தபோது நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப், இங்கிலாந்து லீக்கின் இரண்டாம் அடுக்கான இரண்டாம் டிவிஷனில் எங்கோ நடுவில் கிடந்தது. 1977இல் மூன்றாம் இடம் பிடித்து, தட்டுத்தடுமாறி முதல் டிவிஷனுக்கு ஏறியது. ஏறிய முதல் சீசனிலேயே லீக் சாம்பியன். 1979, 1980 இரண்டு ஆண்டும் ஐரோப்பாவின் சாம்பியன் கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பை. இதற்கிடையே தொடர்ந்து 42 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. அதை முறியடிக்க 2004இல் ஆர்சனல் வர வேண்டியிருந்தது. அதற்கு முன்பே டெர்பி கவுண்டியையும் இப்படித்தான் இரண்டாம் டிவிஷனிலிருந்து தூக்கிவந்து 1972இல் சாம்பியன் ஆக்கியிருந்தார்.

2002இல் இங்கிலாந்துக் கால்பந்து ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே கிளஃப் பெயர் இருந்தது. அதில் யாருக்கும் மறுபேச்சு இருக்க முடியாது. ஆனால் அவருடைய உதவியாளர் பீட்டர் டெய்லர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

டெர்பியிலும் ஃபாரஸ்டிலும் கிளஃபோடு இருந்த டெய்லர் பெயரளவில்தான் உதவியாளர். ஆள் பொறுக்கும் கண் அவருடையது. கென்னி பர்ன்ஸ் என்று பர்மிங்ஹாமில் ஒரு முரட்டு ஸ்ட்ரைக்கர். ஆளின் பழக்கவழக்கம் சரியில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அது உண்மையா என்று பார்க்க டெய்லர் நாய்ப்பந்தய மைதானத்துக்கே ஒளிந்துபோய் நோட்டம் விட்டாராம். பிறகு அவரை வாங்கி, தடுப்பாட்டத்தில் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே, 1978இல், கால்பந்துப் பத்திரிகையாளர்கள் பர்ன்ஸை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள்! ஜான் ராபர்ட்சன் கதையும் இப்படித்தான். உடல் எடை கூடி, ஃபாரஸ்டின் விற்பனைப் பட்டியலில் கிடந்தவர். 1979 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ட்ரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டிய பந்தை இடப்பக்கத்திலிருந்து தூக்கிக் கொடுத்தது அவர். 1980 இறுதி ஆட்டத்தின் ஒரே கோலும் அவருடையதே.

இருவரையும் தனித்தனியாகப் பாருங்கள். டெய்லர் இல்லாமல் கிளஃப் 1974இல் லீட்ஸ் கிளப்புக்குப் போனார். 44 நாளில் துரத்திவிட்டார்கள். ஃபாரஸ்டிலும் முதல் ஒன்றரை ஆண்டு சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. 1976இல் டெய்லர் வந்து சேர்ந்தார், அடுத்த மே மாதமே அணி மேலே ஏறியது. 1982இல் டெய்லர் விலகிய பிறகு கிளஃப் இன்னும் 11 ஆண்டு இருந்தார். இரண்டு லீக் கப் வந்தது உண்மை. லீக் பட்டமோ ஐரோப்பியக் கோப்பையோ மறுபடி வரவில்லை. சரி, டெய்லராவது தனியாகச் சாதித்தாரா? அதுவும் இல்லை. பிரைட்டன் கிளப்பிலும் எடுபடவில்லை, பிறகு டெர்பிக்குத் திரும்பியும் எடுபடவில்லை. ஒருவர் இல்லாமல் மற்றவர் பாதி ஆள்தான்.

1983இல் ஃபாரஸ்டிலிருந்து ராபர்ட்சனை டெய்லர் டெர்பிக்கு இழுத்துக்கொண்டதில் கிளஃபுக்கும் அவருக்கும் முறிந்தது. 1990இல் டெய்லர் இறக்கும்வரை பேசிக்கொள்ளவே இல்லை. டெர்பி மைதானத்துக்கு வெளியே இருவருக்கும் சேர்த்துச் சிலை வைத்திருக்கிறார்கள். நாட்டிங்ஹாம் நகர மையத்தில் கிளஃப் மட்டும் தனியாக நிற்கிறார். என்னைக் கேட்டால் டெர்பிக்காரர்கள் செய்ததே நியாயம்.

1993இல், கிளஃபின் கடைசி சீசனில், ஃபாரஸ்ட் கடைசி இடத்துக்குப் போய்க் கீழே இறங்கியதைச் சிலர் சொல்லிக்காட்டுவார்கள். அதற்காக நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன். 18 ஆண்டு இருந்தவரின் சரிவு அது. உச்சத்தில் கிளம்பிப் போனவர்களுக்கு இந்தச் சோதனையே வருவதில்லை.

'அப்படியானால் எல்லா உதவிப் பயிற்சியாளர்களையும் சேர்த்துவிடலாமா' என்று கேட்பீர்கள். வேண்டாம். பெரும்பாலான உதவியாளர்கள் மாறினாலும் தலைமைப் பயிற்சியாளர் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டுதான் இருப்பார். மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசனிடம் எத்தனை உதவியாளர்கள் வந்து போனார்கள், பட்டங்கள் நின்றுவிடவில்லையே. கிளஃப் விஷயத்தில் டெய்லர் போனார், பெரிய பட்டங்களும் அவரோடு போயின.