உடல் கிடைக்கவில்லை என்றால் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: போன வருஷம் ஜூன் மாதம் கடலுக்குப் போய்த் திரும்பும்போது துறைமுக முகத்துவாரத்தில் அலையடித்து என் கணவர் போன பைபர் வள்ளம் கவிழ்ந்தது. நாலு பேரில் மூன்று பேர் நீந்திக் கரையேறினார்கள். அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் கேட்டால் ஏழு வருஷம் ஆகட்டும் என்கிறார்கள். 40 ஆயிரம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். எல்.ஐ.சி. பிரீமியம் அடுத்த மாதம் கட்ட வேண்டும். கட்டவா, விடவா?
- வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: பிரீமியத்தைக் கட்டுங்கள் சகோதரி. அந்த ஆளுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஏழு வருஷமும் காத்திருக்க வேண்டாம்.

அந்த ஏழு வருஷக் கணக்கு பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 111. ஒருவரைப் பற்றி அவருடைய சொந்தபந்தங்களுக்கே ஏழு வருஷமாக ஒரு சேதியும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருப்பதாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பிரிவில் இருப்பது இவ்வளவுதான். வீட்டில் கோபித்துக்கொண்டு ரயிலேறிப் போனவர் விஷயத்தில் அது உதவும். அதற்கு முன்னால் சாவை நிரூபிக்கவே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்களுக்கோ வள்ளம் கவிழ்ந்ததைக் கண்ணால் பார்த்த மூன்று பேர் இருக்கிறார்கள். இதைக் கவுண்டரில் இருப்பவருக்கு யார் எடுத்துச் சொல்வது? ‘ஏழு வருஷம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டால் அவருக்கு மேசையில் ஒரு ஃபைல் குறைகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது, இன்ன தேதியில் கடல் விபத்தில் இறந்தார் என்று அறிவிக்கக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. தேதிதான் இதில் உயிர். ஏழு வருஷம் காத்திருந்து வாங்கும் தீர்ப்பில் ‘இறந்துவிட்டதாகக் கொள்ளலாம்’ என்று வரும். எந்த நாளில் என்பது தானாக வராது. 2004இல் எல்.ஐ.சி. - அனுராதா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. காணாமல் போனவருக்குப் பிறகு யாரும் பிரீமியம் கட்டவில்லை, பாலிசி காலாவதியானது, குடும்பத்துக்கு முழுத் தொகை கிடைக்கவில்லை. விபத்து நடந்த அன்றே இறந்தார் என்று உங்கள் வழக்கில் நிரூபணமானால் பாலிசி அன்று உயிரோடுதான் இருந்தது, பிரச்சினை இல்லை. ஆனால் தீர்ப்பு எப்படி வரும் என்று இன்று யாரும் எழுதித் தர முடியாது. அதனால்தான் கட்டச் சொல்கிறேன். ரசீதுகளை வைத்திருங்கள், தேதி நிரூபணமானதும் அதிகமாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்கலாம்.

அடுத்து காவல் நிலையம். உங்கள் கையில் இருப்பது எஃப்.ஐ.ஆர். நகலா, புகாரை வாங்கிக்கொண்டதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதா என்று பாருங்கள். பாதிப் பேர் சி.எஸ்.ஆர். சீட்டை லேமினேட் பண்ணி வைத்துக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். இருந்தாலும் அதில் வெறுமனே ‘காணவில்லை’ என்று எழுதியிருந்தால் போதாது. வள்ளம் கவிழ்ந்தது, இடம், நேரம், கூட இருந்தவர்கள் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, அந்த மூவரிடமும் வாக்குமூலம் பதியச் சொல்லுங்கள். தள்ளிப் போடாதீர்கள். இன்று ஊரில் இருப்பவர் ஆறு மாதத்தில் கொச்சியிலோ பஹ்ரைனிலோ இருப்பார்.

‘ஒக்கியில் உடனே கொடுத்தார்களே’ என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் தங்கல் போட்டிருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. பிறகு, உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்களுக்கும் ஏழு வருஷம் பார்க்காமல் மாநில அரசு 20 லட்சம் கொடுத்தது. 2004 சுனாமிக்குப் பிறகும், 2013இல் உத்தரகண்ட் வெள்ளத்துக்குப் பிறகும் காணாமல் போனவர்களின் சாவைப் பதிய மத்திய அரசு தனி நடைமுறை கொண்டுவந்தது. விசாரித்து, பெயரை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஏற்பாடு அந்தந்தப் பேரிடருக்கு மட்டும். முகத்துவாரத்தில் ஒரு வள்ளம் கவிழ்ந்ததற்கு அது பொருந்தாது. ஒக்கி அரசாணை நகலைக் காட்டி மனுப் போட்டால் ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வரும், ஒரு வருஷம் போய்விடும். தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் எத்தனையோ முறை வள்ளம் கவிழ்ந்து ஆள் போயிருக்கிறது. நூறு பேர் ஒரே நாளில் போனால்தான் அரசாணை. ஒவ்வொருவராகப் போனால் கோர்ட்டுக்குப் போ என்பதுதான் நம் நிர்வாகம்.

அந்த 40 ஆயிரம் ஆளைப் பற்றி. இவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. நோட்டரி முத்திரை குத்திய ஒரு பத்திரத்தை நீட்டி இதுதான் சான்று என்பார்கள்; அதை வைத்து யாரும் இறப்பைப் பதிய மாட்டார்கள். அல்லது வீட்டிலேயே இறந்ததாகப் பொய்யாகப் பதிந்து தருவார்கள். இது இன்னும் மோசம். விபத்தில் இறந்தார் என்ற உங்கள் கேஸையே அது கொன்றுவிடும், பொய்ச் சான்று என்று உங்கள் மேலேயே வழக்கும் வரும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் இன்றே திருப்பி வாங்குங்கள். தடைக்காலத்தில் போனதால் ஒன்றும் கிடைக்காது என்று பயமுறுத்தினாலும் கேட்காதீர்கள். ஜூன், ஜூலை தடை விசைப்படகுகளுக்குத்தான்.

மத்திய அரசின் மீனவர் விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கு 5 லட்சம் உண்டு. கணவர் பெயர் அதில் இருந்ததா என்று மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, விபத்து விவரத்தையும் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தீர்ப்பு வரட்டும் என்று இதை நிறுத்தி வைக்க வேண்டாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; சட்ட உதவிக்கான தேசியத் தொலைபேசி எண் 15100. போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல், மீனவர் அடையாள அட்டை, பாலிசி பத்திரம், அந்த மூவரின் போன் எண்கள், இவ்வளவும் எடுத்துப் போங்கள்.