ஊட்டியில் காலை வெண்புகை: முதலில் க்ளோ பிளக்

உங்கள் டீசல் வண்டியின் இன்ஜெக்டரை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். முதலில் க்ளோ பிளக்கை (குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரின் உட்புறத்தைச் சூடாக்கும் பாகம்) சோதியுங்கள். ஊட்டிக் குளிரில் காலையில் மட்டும் டீசல் வாடையோடு வெள்ளைப் புகை, மேட்டுப்பாளையத்தில் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் ஒன்றிரண்டு சிலிண்டரில் டீசல் எரியாமலே வெளியேறுகிறது.

இன்ஜின் ஆறியதும் பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றி, ஒவ்வொரு முனைக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரில் மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். நல்ல பிளக் பெரும்பாலும் 2 ஓமுக்குள் காட்டும். அளவே காட்டாதது போய்விட்டது. எல்லாம் சரியென்றால், சாவியைத் திருப்பியதும் பிளக்குக்கு வரும் வயரில் மின்சாரம் வருகிறதா பாருங்கள்; வராவிட்டால், அந்த மின்சாரத்தை விடும் சுவிட்சான ரிலே போயிருக்கலாம்.

பிளக்கைக் கழற்றும்போது இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கட்டும். இறுகியிருந்தால் பலமாக முறுக்காதீர்கள், சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே (இன்ஜினின் மேல்பாகம்) உடைந்துவிடும்.

இன்ஜின் சூடான பிறகும் புகை நிற்காமல், கூலன்ட்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைத்தான் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் தயவுசெய்து பாரம் ஏற்றிக்கொண்டு மலை இறங்காதீர்கள்.