மாவுக்கட்டுப் போட்ட காவல் நாயை எட்டு வாரம் எப்படி உட்கார வைப்பது?

கேள்வி: எங்கள் ஆட்டுப்பட்டிக் காவல் நாய்க்கு இரண்டு வயது. ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்காது. டிராக்டர் டிரெய்லரில் இருந்து குதித்தபோது முன்னங்காலில் முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மாவுக்கட்டுப் போட்டார். எட்டு வாரம் ஓடவோ குதிக்கவோ விடக் கூடாது என்றார். இப்போது மூன்றாவது வாரம். சங்கிலியை இழுத்துக்கொண்டு துள்ளுகிறது, இரவெல்லாம் குரைக்கிறது, கட்டைக் கடிக்கப் பார்க்கிறது. காலை நன்றாக ஊன்றுகிறது, வலி இருப்பதாகவே தெரியவில்லை. பார்க்கப் பாவமாக இருக்கிறது. தினமும் கொஞ்ச நேரம் அவிழ்த்து விடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா, அவிழ்த்து விடாதீர்கள். வலி இல்லாமல் ஊன்றுகிறதே என்று நீங்கள் நினைக்கும் இந்த மூன்றாவது வாரம்தான் ஆபத்தான நேரம். எலும்பு முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறையும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் நாரும் குருத்தெலும்பும் சேர்ந்து ஒரு மெத்தென்ற இணைப்பு உருவாகும். முறிந்த முனைகள் ஒன்றோடொன்று உரசுவது அதோடு குறைவதால் வலியும் குறைந்துவிடும். நாய்க்குக் கால் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்த இணைப்பில் சுண்ணாம்புச் சத்து இறங்கி இறுகுவதற்கு இன்னும் பல வாரம் ஆகும். வளர்ந்த நாய்க்கு மொத்தம் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதித்து இறங்கும்போது உடல் எடை முழுவதும் முன்னங்காலில்தான் விழும். ஒரே ஒரு தாவலில் எலும்பு விலகிவிடலாம். அப்புறம் அறுவை செய்து தகடு வைக்க வேண்டிய நிலை வரும்.

ஆனால் நாயின் தவிப்பும் உண்மையானது. நாளெல்லாம் ஆடுகளோடு சுற்றிய நாய்க்குத் திடீரென்று வேலையே இல்லாமல் போய்விட்டது. அதற்கு வேலை கொடுங்கள். காலுக்கு அல்ல, மூக்குக்கும் மூளைக்கும்.

முதலில் சங்கிலியை மாற்றுங்கள். சங்கிலியில் இருக்கும் நாய் எதையாவது பார்த்துப் பாயும், நுனிவரை ஓடும், அங்கே வெடுக்கென்று இழுபட்டு முன்னங்கால் தரையில் அடிபட விழும். கூண்டோ சிறிய அடைப்போ பாதுகாப்பானது. நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். ஓடும் அளவுக்குப் பெரிதாக இருக்கக் கூடாது. தரையில் வழுக்காத ரப்பர் விரிப்போ தடித்த சாக்கோ போடுங்கள். ஆடுகள் கண்ணில் படும் இடத்தில் வைக்காதீர்கள். அங்கே வைத்தால் மனம் ஆறும் என்று பலர் நினைக்கிறார்கள். இப்படிப்பட்ட துடியான நாய்க்கு அது எரிச்சலைத்தான் கூட்டும். வீட்டு ஆட்கள் நடமாடும் பக்கமாக, பட்டி தெரியாதபடி ஒரு மறைப்புக் கட்டி வையுங்கள்.

காலையில் பட்டியைத் திறக்கும் நேரமும் மாலையில் ஆடுகளை அடைக்கும் நேரமும்தான் நாய் மிகவும் துடிக்கும் நேரங்கள். அதன் உடம்பில் பழகிப்போன வேலை நேரம் அது. அதற்குக் கால் மணி நேரம் முன்பே பெரிய வேலை ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் குழி உள்ள கெட்டி ரப்பர் பொம்மை இருந்தால், அதற்குள் அன்றைய சாப்பாட்டைப் பிசைந்து அடைத்து, முந்தின இரவே உறைய வைத்துவிடுங்கள். அதை நக்கி நக்கி வெளியே எடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நக்குவதும் மெல்லுவதும் நாயைத் தணிய வைக்கும் செயல்கள். ஆடுகள் வெளியேறும் சத்தம் கேட்டாலும் வாய் வேலையாக இருக்கும்.

எட்டு வாரமும் தட்டில் சாப்பாடு வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு கவளத்தையும் தேடி எடுக்கட்டும். ஒரு பழைய துண்டை விரித்து, அதன் மேல் உலர் தீவனத்தையோ வேகவைத்த இறைச்சித் துணுக்குகளையோ தூவிப் பாய் போலச் சுருட்டிக் கொடுங்கள். முதல் நாள் மூக்கால் தள்ளும், பல்லால் இழுக்கும். மூன்று நான்கு நாளில் சுருளை நேராக உருட்டி விரிக்கக் கற்றுக்கொள்ளும். அப்போது துண்டில் ஒரு தளர்வான முடிச்சுப் போடுங்கள். அடுத்து, கசக்கிய காகிதம் நிரப்பிய அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வையுங்கள். துணியையோ அட்டையையோ விழுங்கும் பழக்கம் உள்ள நாய் என்றால் பக்கத்திலேயே இருங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

மனிதன் மூக்கில் உள்ள வாசனை உணரும் வாங்கிகள் சுமார் 50 லட்சம் என்றால், நாய்க்கு அவை 20 கோடிக்கும் மேல். அதனால் மோப்ப வேலை நாயை உண்மையிலேயே களைப்பாக்கும். கால் மணி நேரம் ஊன்றி மோப்பம் பிடித்த நாய் தானாகவே படுத்துவிடும். நடக்க முடியாத நாய்க்குத் தோட்டத்தையே கொண்டுவந்து கொடுங்கள். ஒரு நாள் ஆட்டுக்கொட்டகைச் சாக்கு, ஒரு நாள் மருந்து தெளிக்காத வரப்புப் புல் ஒரு பிடி, ஒரு நாள் வேறு நாய் படுத்த விரிப்பு. அதை முன்னால் வைத்துவிட்டு அதன் போக்கில் விடுங்கள்.

மூளைக்கு வேலை என்றால் பயிற்சி. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை. படுத்தபடியே செய்யக்கூடியதை மட்டும் சொல்லிக் கொடுங்கள். தாடையை உங்கள் உள்ளங்கையில் வைக்கப் பழக்குவது எனக்கு மிகவும் பிடித்தது. கையை நீட்டுங்கள், தாடை பட்டதும் ஒரு துணுக்கு இறைச்சி. அடுத்து ஒரு விநாடி வைத்தால் துணுக்கு, பிறகு மூன்று, பிறகு பத்து. பத்து விநாடி அசையாமல் தாடையை வைக்கும் நாய்க்குக் கட்டுப் பிரிப்பதும் ஊசி போடுவதும் சுலபமாகிவிடும். பொருள்களின் பெயரையும் கற்றுக் கொடுக்கலாம். அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி வளர்த்த சேசர் என்ற பார்டர் கோலி நாய் மூன்று ஆண்டுப் பயிற்சியில் 1022 பொம்மைகளின் பெயரைக் கற்றது; அந்த ஆய்வு 2011-ல் வெளியானது. அதுவும் ஆடு மேய்க்கும் இனம்தான். உங்கள் நாய் இந்த வாரங்களில் ஐந்து பெயர் கற்றாலே நல்ல வேலை.

குரைக்கும்போது போய்ப் பார்த்தாலும் அதட்டினாலும், குரைத்தால் ஆள் வருவார் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். சில விநாடி அமைதியாக இருக்கும்போது போய்த் துணுக்குக் கொடுங்கள். முதல் சில நாள் குரைப்பு கூடத்தான் செய்யும். அந்த நேரத்தில் நீங்கள் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது. இவ்வளவு செய்தும் அடங்காமல் துள்ளினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாயை அமைதிப்படுத்த டிராசோடோன், கேபாபென்டின் போன்ற மருந்துகளை அளவு பார்த்துத் தருவார்கள். அப்படி மருந்து கொடுப்பதில் தயங்க ஒன்றுமில்லை. நீங்களாக மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் குடலில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கட்டைக் கடிப்பதைச் சேட்டை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இறுக்கமோ புண்ணோ இருந்தாலும் கடிக்கும். காலையும் மாலையும் கட்டின் நுனியில் தெரியும் நடு இரண்டு விரல்களைப் பாருங்கள். நகங்கள் நெருக்கமாக இருந்தால் சரி. இரண்டும் விரிந்து விலகியிருந்தால் உள்ளே வீக்கம். விரல் சில்லிட்டிருந்தாலோ, கட்டில் துர்நாற்றம் வந்தாலோ, இதுவரை ஊன்றிய காலை நாய் திடீரெனத் தூக்கிக்கொண்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் வெறுமனே கடித்தால், வாய் கட்டை எட்டாதபடி தடுக்கும் கூம்பைக் கழுத்தில் மாட்டுங்கள். கட்டு நனையவும் கூடாது. வெளியே அழைத்துப் போகும்போது காலியான குளுக்கோஸ் பையை வெட்டிக் கட்டின் மேல் உறை போல மாட்டலாம். வந்ததும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து ஈரமாகும்.

சிறுநீர், மலம் கழிக்க மட்டும் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல், குட்டைக் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை நல்லது. படியிலும் வண்டியிலும் தூக்கித்தான் ஏற்றி இறக்க வேண்டும்.

ஓட்டம் இல்லாததால் எடை ஏறும், எடை ஏறினால் முறிந்த காலுக்குச் சுமை. வழக்கமான சாப்பாட்டில் சுமார் கால் பங்கைக் குறையுங்கள். பயிற்சித் துணுக்குகளும் அந்தக் கணக்குக்குள்ளேயே வர வேண்டும். கேரட் துண்டு நல்ல துணுக்கு. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த எதுவும் கூடாது. பொழுதுபோகட்டும் என்று வேகவைத்த எலும்பைப் போடாதீர்கள். சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

எட்டாவது வாரம் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு சேர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் கட்டுக்கு விடுதலை. உடனே பட்டிக்கு அனுப்பிவிடாதீர்கள். கட்டுக்குள் இருந்த காலில் தசை வற்றி, மூட்டு விறைத்திருக்கும். முதல் வாரம் கயிற்றில் பிடித்தபடி பத்து நிமிட மெதுநடை, அடுத்தடுத்த வாரம் ஐந்தைந்து நிமிடம் கூட்டுங்கள். நடந்த மறுநாள் நொண்டினால் முந்தின வார அளவுக்கே திரும்புங்கள். ஓடவிடுவது அதற்குப் பிறகு. டிரெய்லரில் ஏறிக் குதிப்பதை இனி நிரந்தரமாகவே நிறுத்திவிடலாம். ஏறி இறங்க ஒரு சாய்வுப் பலகை போட்டு, இந்த வாரங்களில் பழகிய அதே துணுக்கை வைத்துப் பழக்கிவிடுங்கள்.